காத்திருக்கிற பிள்ளை, இழந்த பிள்ளை: சிறுவரின் துயருக்குக் கைவேலை எப்படி உதவுகிறது

கொழும்பில் வளரும் நான்கு வயதுப் பிள்ளைக்கு "வெளிநாடு" என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். பக்கத்து வீட்டு மாமி குவைத்துக்குப் போனா, இரண்டு வருடத்தில் பெட்டி நிறையச் சாமானோடு திரும்பி வந்தா. நடுவில் வாட்ஸ்அப்பில் அவவின் முகம் தெரிந்தது. போனவர்கள் கதைப்பார்கள், பிறகு வருவார்கள்: பிள்ளை கண்ணால் கண்ட உண்மை இது. அந்தப் பிள்ளையின் அப்பா இறந்த அன்று, அழுகையை அடக்குவதற்காக யாரோ ஒரு பெரியவர் "அப்பா வெளிநாடு போயிட்டார்" என்று சொல்லிவிடுகிறார். அன்றிலிருந்து பிள்ளை போனுக்குப் பக்கத்திலேயே இருக்கும். கோல் வராது. மற்றப் பிள்ளைகளின் அப்பாமார் கதைக்கிறார்கள், என் அப்பா மட்டும் ஏன் கதைக்கிறாரில்லை, நான் குழப்படி செய்ததாலா என்று தன்னையே குற்றம் சொல்லத் தொடங்கும்.

ஆகவே பேப்பரையும் பேஸ்டலையும் எடுப்பதற்கு முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். திரும்பி வரப்போகிறவருக்காகக் காத்திருக்கும் பிள்ளைக்கு நாளை எண்ணவும் தொடர்பை விடாமல் வைத்திருக்கவும் உதவுகிற வேலைகள் வேண்டும். ஒருவரைச் சாவில் இழந்த பிள்ளைக்கு விடைகொடுக்கவும் நினைவை ஓரிடத்தில் பத்திரப்படுத்தவும் உதவுகிற வேலைகள் வேண்டும். மாற்றிக் கொடுத்தால் நல்ல நோக்கமே தீங்காகும். இறந்த அம்மாவுக்கு "எப்ப வருவீங்க?" என்று கார்ட் எழுதவைத்தால், பிள்ளை பதிலுக்குக் காத்திருக்கும். டோஹாவில் வேலை செய்யும் அம்மாவின் படத்தைச் சட்டம் போட்டு, அதைச் சுற்றிப் பூ ஒட்டி அலங்கரிக்கச் சொன்னால், மாலை போட்ட படம் யாருடையது என்று வீட்டில் பார்த்திருக்கும் பிள்ளை பயந்துபோகும்.

பிள்ளைக்குச் சாவு எப்படி விளங்குகிறது

1948 இல் மரியா நாஜி என்ற ஆய்வாளர், புடாபெஸ்டில் 3 முதல் 10 வயது வரையான 378 பிள்ளைகளைப் பேசவைத்தும் எழுதவைத்தும் வரையவைத்தும் சாவைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று பதிந்தார். ஐந்து வயதுக்குக் கீழே, சாவு ஒரு நித்திரை அல்லது பயணம். முடிந்ததும் எழும்பி வரலாம். அடுத்த வயதினரில் பலர் சாவை ஓர் ஆளாகக் கண்டார்கள். அந்த ஆள் வந்து பிடித்துக்கொண்டு போகிறான், கெட்டிக்காரர் தப்பிக்கொள்ளலாம். ஒன்பதை அண்டிய பிறகுதான், எல்லோருக்கும் வருவது, மீளாதது என்று சொன்னார்கள். பின்னால் நடந்த ஆய்வுகள் இந்த வயதெல்லையைக் கீழே கொண்டுவந்தன. ஏழு வயதளவில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு, இறந்த உடம்பு வேலை செய்யாது, திரும்ப உயிர் வராது, எல்லா உயிருக்கும் இது உண்டு என்பது விளங்கிவிடுகிறது. வயதோடு, எப்படிச் சொல்லப்பட்டது என்பதும் பெரிய பங்கு வகிக்கிறது.

முன்பள்ளி வயதில் இன்னொரு பழக்கம் உண்டு. தான் நினைத்ததால் ஒன்று நடந்துவிட்டது என்று பிள்ளை நம்பும். "அம்மம்மா செத்துப்போ" என்று கோபத்தில் ஒருநாள் கத்தியிருந்தால், அம்மம்மா இறந்ததும் அது தன் வேலைதான் என்று மனதில் பூட்டி வைத்துக்கொள்ளும். வாய்விட்டுக் கேட்காத மூன்று கேள்விகள் அநேகமாக எல்லாப் பிள்ளைக்குள்ளும் ஓடும்: என்னாலா? எனக்கும், மிச்சமிருக்கிற அம்மாவுக்கும் இது வருமா? இனி என்னை யார் பார்ப்பார்கள்? கேட்காவிட்டாலும் மூன்றுக்கும் பதில் சொல்லுங்கள்.

சொல்வது நேராக இருக்கட்டும். "அப்பா செத்துப்போயிட்டார். அவற்ற உடம்பு வேலை செய்யிறத நிப்பாட்டிட்டுது. இனி மூச்சு விடமாட்டார், பசிக்காது, நோகாது. திரும்பி வரமாட்டார். நீ சொன்ன ஒண்டாலயும் நீ செய்த ஒண்டாலயும் இது நடக்கேல்ல. அம்மாவும் அம்மம்மாவும் உன்னைப் பாத்துக்கொள்ளுவம்." அவ்வளவு போதும். "நித்திரை கொள்ளுறார்" என்று சொன்ன வீடுகளில் பிள்ளை படுக்கப் பயப்படும். "சாமி கூட்டிக்கொண்டு போயிட்டார்" என்றால், அடுத்து யாரைக் கூட்டிக்கொண்டு போவார் என்று சாமியறைப் பக்கமே போகாது. உங்கள் மதம் மறுமையைப் பற்றிச் சொல்வதைச் சொல்லலாம். உடம்பின் கதையை முதலில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு சொல்லுங்கள்.

பிரிவு வேறு விதமாக நகர்கிறது. ஜோன் போல்பியும் ஜேம்ஸ் ரொபட்சனும், தாயைப் பிரிந்து ஆஸ்பத்திரியில் விடப்பட்ட சின்னப் பிள்ளைகளைக் கவனித்து மூன்று கட்டங்களை எழுதினார்கள். முதலில் அழுது அடம்பிடித்து எதிர்ப்பு. அடுத்து அடங்கிப்போன சோர்வு. கடைசியாக, ஒட்டாமை: யார் வந்தாலும் சரி என்று விளையாடும், தாய் வந்தால் முகத்தைத் திருப்பும். இரண்டாம் மூன்றாம் கட்டங்களைப் பார்த்துத்தான் வீடுகளில் "பிள்ளை பழகிட்டுது" என்று நிம்மதியடைகிறார்கள். கூடுதலாகக் கவனிக்க வேண்டிய நேரமே அதுதான்.

ஏன் கைவேலை

ஐந்து வயதுப் பிள்ளையிடம் "உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லம்" என்று சொல்லிவிட்டு ஓடிவிடும். மறைப்பதற்காக அல்ல. நெஞ்சுக்குள் இருப்பதற்கு அதனிடம் சொல் கிடையாது. மாவைக் குத்தும்போதும், பொம்மைக்கு மருந்து கொடுக்கும்போதும், ஒரே வீட்டைப் பத்துத் தரம் வரையும்போதும் அது வெளியே வரும். கண்ணைப் பார்த்துக் கதைக்கத் தேவையில்லாமல் இருவரும் ஒரே பேப்பரைப் பார்த்துக்கொண்டிருப்பதும் பேச்சை இலகுவாக்கும். இன்னொரு காரணமும் உண்டு. பெரிய ஒன்றைத் தடுக்கமுடியாமல் போன பிள்ளைக்கு, எந்த நிறம், எவ்வளவு பெரிது, எப்போது முடிப்பது என்பதையாவது தானே தீர்மானிக்கக் கிடைக்கிறது.

பிள்ளையின் துயரம் கொழும்பு மழை போல விட்டுவிட்டுப் பெய்யும். செத்தவீட்டில் பத்து நிமிடம் விம்மியழுதுவிட்டு, அடுத்த நிமிடம் பந்து கேட்கும். அன்பில்லை என்று பொருளில்லை. அதன் மனதால் தொடர்ந்து தாங்க முடியாததால், இடைவெளி எடுக்கிறது. வேலைகளையும் அந்த அளவுக்கே வையுங்கள்: 3 முதல் 5 வயதுக்கு 15 நிமிடம், 6 முதல் 8 வயதுக்கு அரை மணிவரை. கிழமைக்கு ஒன்றிரண்டு நாள், முடிந்தால் அதே நாளில், அதே பாயில். படுக்கைக்குச் சற்று முன் வேண்டாம். கிளறிவிட்டு விளக்கை அணைத்தால் இரவு நீளும். பின்னேரத் தேநீருக்குப் பிறகு நல்லது. முடியும்போது கை கழுவுதல், ஒரு பிஸ்கட், ஒரே பாட்டு என்று ஏதாவது ஒன்று ஒவ்வொரு முறையும் வரட்டும். "முடிந்தது, பத்திரமாக இருக்கிறேன்" என்று உடம்புக்கு அது சொல்லும்.

சாமான் அதிகம் தேவையில்லை. புத்தகத்துக்கு உறை போடும் பிறவுண் பேப்பர், ஏ4 தாள், பேஸ்டல், பிறிஸ்டல் போட் இரண்டு, பைண்டர் கம், முனை மழுங்கிய கத்தரிக்கோல், கலர் சோக். புறக்கோட்டையில் எல்லாம் ஒரே தெருவில் வாங்கிவிடலாம். நீங்களும் பக்கத்தில் இருந்து உங்களுடையதை வரையுங்கள். மேலே நின்று பார்க்கும் பெரியவருக்கு முன்னால் பிள்ளை "அழகான" படமொன்றை வரைந்து தந்துவிட்டு எழும்பிவிடும்.

திரும்பி வருபவருக்காக: போயாச் சங்கிலி

மத்திய கிழக்கு வீட்டுவேலை ஒப்பந்தம் வழக்கமாக இரண்டு வருடம். "730 நாள்" என்ற எண்ணில் சின்னப் பிள்ளைக்கு எந்தப் பிடியும் கிடைக்காது. ஆனால் போயா தெரியும்: பள்ளி இல்லாத நாள், பெரிய நிலா வருகிற நாள். இரண்டு வருடத்தில் 24 அல்லது 25 போயா வரும். ஏ4 தாளைக் குறுக்காக 3 சென்ரிமீற்றர் அகலத்தில் வெட்டினால் ஒரு தாளில் 9 பட்டிகள், ஆக மூன்று தாள் போதும். முதல் பட்டியை வளைத்து ஒட்டுங்கள், அடுத்ததை அதற்குள்ளால் விட்டு ஒட்டுங்கள். ஒவ்வொரு வளையத்திலும் பிள்ளை ஒரு நிலா வரையட்டும். போயா அன்று நிலா பார்த்துவிட்டு ஒரு வளையத்தைக் கழற்றி, அந்த மாதம் நடந்த ஒன்றை (பல் விழுந்தது, பூனை குட்டி போட்டது) அதன் உட்பக்கத்தில் எழுதி ஒரு டின்னில் போடுங்கள். அம்மா வந்ததும் வாசிக்கிற டின் அது. அம்மாவும் அங்கிருந்து அதே நிலாவைப் பார்க்கலாம், முகில் மறைக்காவிட்டால்.

இரண்டு இடத்தில் இது பிழைக்கும். சங்கிலி எட்டும் உயரத்தில் தொங்கினால், ஒரு கஷ்டமான இரவில் பிள்ளை பத்து வளையத்தை ஒன்றாகப் பிய்க்கும். பிய்த்தால் அம்மா சீக்கிரம் வருவா என்பது அதன் கணக்கு. பிய்த்துவிட்டால் ஏசாமல், "சீக்கிரம் வரவேணும் போல இருக்கு, என்ன?" என்று சொல்லிச் சேர்ந்து திருப்பி ஒட்டுங்கள். மற்றது, ஒப்பந்தம் நீட்டப்படலாம். கடைசி மூன்று வளையங்களை நிறமில்லாத வெள்ளையில் செய்து, "இது 'இன்னும் தெரியாது' வளையம்" என்று முதல் நாளே சொல்லிவையுங்கள். திகதியைச் சத்தியம் பண்ணாதீர்கள். 7 நாள் ஆஸ்பத்திரி வாசத்துக்கோ, ஒரு மாதம் யாழ்ப்பாணம் போன அப்பாவுக்கோ என்றால் நாள் வளையமே போதும்.

நேரம் பிள்ளைகளைக் குழப்பும் இன்னொன்று. இரவு ஏழு மணிக்குக் கோல் எடுத்தால் அம்மா ஏன் வெயிலில் நிற்கிறா? பிறிஸ்டல் போட்டில் இரண்டு மணிக்கூடு வெட்டி, முள்ளை ஒரு புஷ்பின் கொண்டு பொருத்தி, ஒன்றின் கீழ் வீட்டையும் மற்றதன் கீழ் அம்மா இருக்கும் இடத்தையும் வரையவிடுங்கள். கட்டார், குவைத், சவூதி நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால், டுபாய் ஒன்றரை. கொழும்பில் இரவு 7 என்றால் டோஹாவில் பின்னேரம் 4:30. "இப்ப அம்மா என்ன செய்வா?" என்ற கேள்விக்கு, பிள்ளை தானே முள்ளைத் திருப்பிப் பதில் கண்டுபிடிக்கும்.

வீடியோ கோலில் பிள்ளை திரும்பிப் பார்க்காமல் ஓடுகிறது என்று தாய்மார் உடைந்துபோகிறார்கள். திரையில் முகம், மடியில் ஆள் இல்லை: பல பிள்ளைகளுக்கு அது ஆசையைக் கூட்டி வலிக்கச் செய்யும். "அம்மாக்கு உம்மா குடு" என்று பிடித்து இருத்தவேண்டாம். பதிலாகப் பாதிப் படம் முயலுங்கள். பிள்ளை ஒரு தாளின் இடப்பக்கத்தில் எதையாவது வரைந்து படமெடுத்து அனுப்பட்டும். அம்மா வேறொரு தாளில் மிச்சப் பாதியை வரைந்து அனுப்பட்டும். நீங்கள் இரண்டையும் அச்செடுத்து ஒட்டுங்கள். போன் கையில் கிடைக்கும் நேரம் குறைவான தாய்க்கு இது பொருந்தும், ஏனென்றால் இருவரும் ஒரே நேரத்தில் இருக்கத் தேவையில்லை.

போவதற்கு முன் நேரம் இருந்தால் இரண்டு காரியம். ஒரு பழைய பருத்திச் சேலையிலிருந்து ஒரு முழத் துணி இரண்டு வெட்டி, ஒன்று பெட்டிக்குள், ஒன்று பிள்ளையின் தலையணையில். இப்படியான துணியையும் பொம்மையையும் பற்றி விரிவாக எழுதிய டொனல்ட் வினிகொட் என்ற பிரித்தானிய சிறுவர் மருத்துவர், தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் நிற்கும் பொருளாக அதைப் பார்த்தார். அதைத் துவைக்காதீர்கள், அம்மாவின் வாசம் போய்விட்டால் அது வெறும் துணி. அடுத்தது, அம்மாவின் குரலில் மூன்று நிமிடக் கதைகள் பத்து. குரலை வாட்ஸ்அப்பில் மட்டும் விடாமல் வேறொரு போனிலும் பிரதி எடுத்து வையுங்கள். போன் தொலைந்து குரலும் தொலைந்த வீடுகள் உண்டு.

முக்கியமான ஒன்று: பிள்ளை நித்திரையில் இருக்கும்போது விமானநிலையத்துக்குப் புறப்படாதீர்கள். அழுகையைத் தவிர்க்கலாம்தான். ஆனால் எந்த நித்திரைக்குப் பிறகும் இன்னொருவர் காணாமல் போகலாம் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். விடியற்காலை என்றாலும் எழுப்பி, கட்டிப்பிடித்து, முதல் வளையத்தைச் சேர்ந்து ஒட்டிவிட்டுப் போங்கள்.

இறந்தவருக்காக: உப்புப் போத்தலும் நினைவுப் பெட்டியும்

இறந்தவரை "விட்டுவிடப்" பழக்குவதே துயரத்தின் முடிவு என்று ஒருகாலம் நினைத்தார்கள். 1996 இல் டெனிஸ் கிளாஸ், பிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் ஆகியோர் தொகுத்த ஆய்வுகள் வேறொன்றைக் காட்டின: இழந்தவரோடு உள்ள உறவு வேறு வடிவில் தொடர்வது இயல்பானது. பிள்ளைக்கு அந்த வடிவம் கையில் பிடிக்கக்கூடியதாக இருக்கவேண்டும்.

உப்புப் போத்தலுக்கு 200 மில்லிலீற்றர் கண்ணாடி ஜாம் போத்தல் ஒன்று, தூள் உப்பு ஏறக்குறைய 250 கிராம், கலர் சோக் ஐந்து, ஒரு பஞ்சுருண்டை. கொழும்புக் கடற்காற்றில் உப்பு கசிந்து கட்டிபடும். எனவே முதலில் தாச்சியில் மெல்லிய நெருப்பில் மூன்று நிமிடம் வறுத்து நன்றாக ஆறவிடுங்கள். ஐந்து தாளில் தலா மூன்று மேசைக்கரண்டி உப்பைக் கொட்டி, பிள்ளை சோக்கைப் படுக்கவைத்து உருட்டட்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் நிறம் ஏறும். உருட்டும் நேரத்தில், ஒவ்வொரு நிறத்துக்கும் இறந்தவரைப் பற்றிய ஒரு விஷயம்: பச்சை, அப்பப்பா காலிமுகத்திடலில் பட்டம் விட்டது, மஞ்சள், அவர் தின்னும் வடை. கசப்பானதும் வரட்டும். "அப்பா குடிச்சிட்டுக் கத்தினது" என்று பிள்ளை கறுப்பு உருட்டினால், "ஓம், அதுவும் நடந்தது" என்று சொல்லி அதையும் போடுங்கள். தாளைக் குவித்து, போத்தலைச் சற்றுச் சாய்த்து, நிறம் நிறமாக ஊற்ற வேண்டும்.

மூடுவதுதான் கவனம் வேண்டிய இடம். போத்தலை மேசையில் மெதுவாகத் தட்டி, உப்பு இறங்கியதும் விளிம்புவரை நிரப்பி, பஞ்சை அழுத்திவைத்து மூடி, மூடியைச் சுற்றி செலோடேப் ஒட்டுங்கள். அரை அங்குல இடைவெளி விட்டால்கூட, பிள்ளை குலுக்கும் முதல் தடவையிலேயே நிறங்கள் கலந்து சாம்பலாகும். அப்பப்பா இரண்டாம் முறை போனது போல அழும் பிள்ளைகளுண்டு. நிறம் கலந்தால் "பரவாயில்லை, வடிவா இருக்கு" என்று சமாளிக்காமல், புதிதாகச் செய்வோமா அல்லது இதையே வைத்திருப்போமா என்று அதனிடமே கேளுங்கள்.

நினைவுப் பெட்டிக்குச் சப்பாத்துப் பெட்டியைவிட மூடி இறுகும் பிளாஸ்ரிக் பெட்டி நல்லது. வெள்ளவத்தை, தெஹிவளை கடற்கரைப் பக்க வீடுகளில் காகிதப் பெட்டிக்குள் பூஞ்சணம் பிடிக்கும், படத்தைப் பூச்சி அரிக்கும். புதுச் சப்பாத்துக்குள் வரும் ஈரமுறிஞ்சிப் பைகளில் இரண்டை உள்ளே போடுங்கள். சின்னப் பிள்ளை வாயில் போடாதபடி பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவிடுங்கள். என்ன வைப்பது என்பதைப் பிள்ளை தெரிவு செய்யட்டும். பெரியவர் பதக்கத்தையும் கல்யாணப் படத்தையும் வைப்பார். பிள்ளை, அம்மாவின் பஸ் டிக்கட்டையும் கிளிப்பையும் வைக்கும். பிள்ளை சொல்வதே சரி. உடுப்பு ஒன்றை வைத்தால் தோய்க்காமல், காற்றுப்புகாத பையில். 31 ஆம் நாள் முடிந்ததும் உடுப்பையெல்லாம் யாருக்கோ கொடுத்து அலுமாரியை வெறுமையாக்கும் வீடுகளில், கொடுப்பதற்கு முன் பிள்ளையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள்.

சடங்கிலும் பிள்ளைக்குக் கையில் ஒரு வேலை கொடுக்கலாம். அடுத்த வீட்டில் விட்டுவிட்டுப் போவது வழக்கம். ஆனால் வெள்ளைக் கொடியும் சனமும் ஏன் என்று பிள்ளைக்குத் தெரியாமலிருக்காது. மலர்ச்சாலைக்குக் கூட்டிப்போவதாக இருந்தால் முதலே சொல்லுங்கள்: "அம்மம்மா பெட்டிக்குள்ள படுத்திருப்பா. தொட்டா குளிரா இருக்கும். பெரிய ஆக்கள் சத்தமா அழுவினம். உனக்கு வெளிய போகவேணுமெண்டா சித்தி கூட்டிக்கொண்டு போவா." போவதா வேண்டாமா என்று பிள்ளை சொல்லட்டும். ஒரு படம் வரைந்து பெட்டிக்குள் வைப்பது, பூத்தட்டுப் பிடிப்பது எல்லாம் அதனால் செய்யக்கூடிய வேலை. அன்றே அடக்கம் நடக்கும் முஸ்லிம் வீடுகளில் இதற்கெல்லாம் நேரம் இராது. அடக்கம் முடிந்தபின், உம்மாவுக்குக் கேட்க விரும்பிய துஆவைப் பிள்ளை தன் சொல்லில் சொல்லி எழுதிவைக்கலாம். பொறளைக் கனத்தையில் தகனம் என்றால் "சுடுமா?" என்று கேட்கும். "உடம்புக்கு இனி நோ தெரியாது, அதால சுடாது" என்பதே முழுப் பதில்.

மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் நீண்டகாலமாகச் சிகிச்சை பெறும் பெற்றார் உள்ள வீடுகளில், உயிரோடு இருக்கும்போதே ஒன்று செய்யலாம்: ஒரே பிறிஸ்டல் போட்டில் அம்மாவின் கைப்பதிவு, அதற்குள் பிள்ளையின் கைப்பதிவு, தண்ணீரில் கழுவக்கூடிய பெயின்றால். மாவில் பதிக்கச் சொல்லும் குறிப்புகள் பல உண்டு. நாங்கள் தாளையே சொல்வோம். உப்புச் சேர்த்த மா கொழும்பு ஈரத்தில் வியர்த்து வெடிக்கும், விழுந்தால் உடையும். பின்னொரு நாளில் உடைந்த அம்மாவின் கையைப் பிள்ளையின் முன் பெருக்கும் நிலை யாருக்கும் வேண்டாம்.

கோபத்துக்கு மா

மாவின் இடம் கோபம். ஒரு கப் கோதுமை மா, அரைக் கப் உப்பு, ஒரு கப் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளி. எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கரைத்து, மெல்லிய நெருப்பில் கிளறினால் நான்கைந்து நிமிடத்தில் உருண்டு சட்டியை விட்டுவரும். ஆறியதும் பிசையுங்கள். மூடிய டப்பாவில் பிறிட்ஜில் இரண்டு கிழமை இருக்கும். ஒட்டினால் வேகவில்லை, உதிர்ந்தால் மிஞ்சி வெந்துவிட்டது, சில துளி தண்ணீர் தெளியுங்கள். உப்பு அதிகம் என்பதால் தின்னவிடக்கூடாது, மூன்று வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்தே ஆகவேண்டும்.

பிள்ளை மாவைக் குத்தும், கிழிக்கும், தலையைப் பிய்த்து "டொக்டர் செத்துட்டார்" என்று சொல்லும். விடுங்கள். விதி இரண்டுதான்: ஆளுக்கு அடிக்கக்கூடாது, உனக்கே அடிக்கக்கூடாது. மாவுக்கு என்னவும் செய்யலாம்.

காலுறையில் பொத்தானைக் கண்ணாகத் தைத்த பாவையும் இங்கே உதவும். பிள்ளையிடம் கேட்கமுடியாததைப் பாவையிடம் கேளுங்கள்: "முயலாருக்கு இரவில பயமா?" பிள்ளை முயலாருக்காகப் பதில் சொல்லும். ஒரு எல்லை மட்டும் மீறவேண்டாம். பாவையை இறந்தவராக்கி, அவர் குரலில் நீங்கள் பேசாதீர்கள். அப்பா எங்கேயோ ஒளிந்திருக்கிறார் என்ற எண்ணத்துக்கு அது கதவு திறந்துவிடும்.

திகதியில்லாத பிரிவு

பெற்றார் பிரிந்து வாழ்வது, சிறை, காணாமற் போனவர். இவற்றுக்குச் சங்கிலியும் பொருந்தாது, நினைவுப் பெட்டியும் முழுதாகப் பொருந்தாது. அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ் இதற்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் கொடுத்தார். முடிவு தெரியாததே இங்கே வலி. முடிவைப் பெரியவர் கற்பனையாகச் செய்து கொடுக்கக்கூடாது. பிறவுண் பேப்பரில் பிள்ளையைப் படுக்கவைத்து உடம்பைச் சுற்றிக் கோடு போட்டு, அவரை நினைக்கும்போது எங்கே என்ன செய்கிறது என்று நிறம் தீட்டவிடலாம்: வயிற்றில் சிவப்பு, தொண்டையில் நீலம். பக்கத்தில் இரண்டு பெட்டி வரையுங்கள், "தெரிஞ்சது", "தெரியாதது". பிள்ளை கேட்பதை அந்தந்தப் பெட்டியில் எழுதுங்கள். பெற்றார் பிரிந்திருந்தால் முதற் பெட்டியில் கட்டாயம் ஒன்று இருக்கட்டும்: "அம்மாவும் அப்பாவும் பிரிஞ்சதுக்கு நான் காரணமில்ல."

பெரியவர்கள் பிழைவிடும் இடங்கள்

படத்தைப் படிக்க முயல்வது முதல் பிழை. கறுப்பு என்றால் துக்கம், கையில்லாத ஆள் என்றால் பயம் என்று எந்த அகராதியும் கிடையாது. சிவப்புப் பேஸ்டல் தொலைந்திருக்கலாம். "இது என்ன?" என்பதற்குப் பதில், "இதைப் பற்றிச் சொல்லு" என்று கேளுங்கள். "சூப்பர், வடிவு" என்றும் சொல்லவேண்டாம், அடுத்த தடவை பிள்ளை உங்களுக்காக வடிவாக வரையும். பார்த்ததைச் சொன்னால் போதும்: "வீடு பெரிசா இருக்கு. கதவு இல்ல." திருத்தாதீர்கள், இடையில் பேஸ்டலை வாங்காதீர்கள், பேஸ்புக்கில் போடாதீர்கள். பின்பக்கத்தில் திகதியையும் பிள்ளை சொன்ன சொல்லையும் அப்படியே எழுதிவையுங்கள்.

அழ விரும்பும் பிள்ளையைச் சிரிக்கவைக்கக் கைவேலையைப் பாவிப்பதும் பிழை. அது போலவே, விளையாடும் பிள்ளையைப் பிடித்து, "வா, அப்பாவைப் பற்றி வரைவம்" என்று இழுப்பதும். மூத்த பிள்ளையிடம் "நீதான் இனி அம்மாவைப் பாக்கவேணும்" என்று கார்ட் எழுதவைப்பது அதன் தோளில் ஏற்றும் சுமை.

முன்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அன்னையர் தினக் கார்ட் செய்யும் கிழமைக்கு முந்திய கிழமையே, அம்மா இறந்த அல்லது வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ யாருக்குச் செய்ய விரும்புற?" என்று கேளுங்கள். அம்மாவுக்கேதான் என்று சொல்லும் பிள்ளை பலர். அந்தக் கார்டை நினைவுப் பெட்டியில் வைக்கலாம். எல்லாருக்கும் முன்னால் "நீ அம்மம்மாக்குச் செய்" என்று சொல்லும் கணத்தைத்தான் தவிர்க்கவேண்டும்.

இந்த வழிகள் நமக்குப் புதியவை அல்ல. மட்டக்களப்பில் 1996 இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில், போரில் இழப்பைக் கண்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் களிமண்ணிலும் நிறத்திலும் கதையிலும் ஒன்றாக வேலைசெய்தார்கள். ஆனால் அங்கே பிள்ளைகளோடு இருந்தவர்கள் பயிற்சி பெற்றவர்கள். விபத்தையோ, 2019 ஏப்ரல் 21 கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்தில் நடந்தது போன்ற வெடிப்பையோ நேரில் பார்த்த பிள்ளையிடம், அந்தக் காட்சியை வீட்டில் வரையச் சொல்லாதீர்கள். தானாக வரைந்தால் பக்கத்தில் இருங்கள். கேட்டு வாங்குவது பயிற்சி பெற்றவரின் வேலை.

எப்போது உதவி தேடுவது

விரல் சூப்புதல், படுக்கையில் சிறுநீர் போதல், குழந்தைப் பேச்சு, வயிற்றுக்குத்து எல்லாம் முதல் கிழமைகளில் சாதாரணம். ஏசாமல் பொறுத்திருந்தால் பெரும்பாலும் குறையும். மாதங்கள் கடந்தும் குறையாமல் கூடினால், சாப்பாடும் நித்திரையும் விடாமல் குலைந்தால், பள்ளிக்குப் போகவே மறுத்தால், ஒரே சாவு விளையாட்டை மாறாமல், ஆறுதல் இல்லாமல், இறுகிய முகத்தோடு திரும்பத் திரும்ப விளையாடினால் காட்டவேண்டும். "நானும் அம்மாட்ட போகவேணும்" என்று பிள்ளை சொல்வது அநேகமாக ஏக்கம்தான். ஆனாலும் எப்படிப் போவது என்று யோசித்திருக்கிறதா என்று அமைதியாகக் கேளுங்கள். யோசித்திருந்தால் அன்றே. பொறளை சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சிறுவர் மனநலப் பிரிவு இருக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926. பெற்றார் இல்லாத வீட்டில் யாராவது பிள்ளைக்குத் தீங்கு செய்கிறார்கள் என்ற சந்தேகம் வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929.

வைத்தியரிடம் போகும்போது பிள்ளையின் படங்களைத் திகதி வரிசையில் ஒரு பைலில் போட்டு எடுத்துப் போங்கள். கொடுப்பதற்கு முன் பிள்ளையிடம் கேளுங்கள். சிலவற்றைக் காட்டவேண்டாம் என்று எடுத்து வைத்துக்கொண்டால், அவை வீட்டிலேயே இருக்கட்டும்.